தராசு சாரும் நல்ல பங்காளியும்

அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது யார் என்பதில் எங்கள் துறையில் இன்றும் தகராறு உண்டு. நான்தான் என்று மூன்று பேர் சொல்லிக்கொள்கிறோம். அவ்வளவு பொருத்தமான பெயர். மனிதர் உலகத்தில் எதையும் தனியாகப் பார்க்கமாட்டார். இன்றைய தேநீரை நேற்றைய தேநீரோடு வைத்துப் பார்ப்பார். என் சட்டையைத் தன் சட்டையோடும், தன் மகளின் மதிப்பெண்ணை எதிர்வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணோடும் வைத்துப் பார்ப்பார். ஒரு மின்விசிறி வாங்க ஒரு கோடை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். விசிறி வீடு வந்து சேர்ந்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஒருமுறை எங்களிடம் சொன்னார்: "என்னைக் கட்டிக்க இவர் ஒத்துக்கிட்டதே அதிசயங்க. அன்னிக்குப் பக்கத்துல வேற யாரும் நிக்கல போலிருக்கு."

தராசு சார் அதற்கும் சிரிக்கவில்லை. போன வருடம் இதைவிட நன்றாக ஒன்று சொன்னாய் என்றார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த வேலையும் ஒப்பிடுவதுதான். எங்கள் ஆய்வுக்கூடம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை ஆராய்கிறது. அதிலும் நஞ்சு சுரக்கும் ஒரு வில்லனையும் அவனுடைய பங்காளிகளையும். எல்லாமே காற்றுப் பட்டால் செத்துப்போகிற வம்சம். குடலுக்குள் காற்றில்லாத இருட்டில்தான் அவற்றின் குடித்தனம். நல்ல நாளில் வில்லன் ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பான். நாம் பல்வலிக்கோ சளிக்கோ ஆன்டிபயாடிக்கை விழுங்கி, அக்கம்பக்கத்தில் இருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் காலி செய்துவிட்டால், கேட்க ஆளில்லை என்று ஆட ஆரம்பிப்பான். அவன் விடும் நஞ்சில் குடல் புண்ணாகும். நோயாளிக்குக் கழிப்பறையே கதி. மருந்து கொடுத்தால் அடங்குவான், நிறுத்தினால் மறுபடி தலையெடுப்பான்.

இந்த வில்லனின் மரபணுத் தொகுதியையும் பங்காளிகளின் தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நஞ்சுக்கான மரபணு எவனிடம் இருக்கிறது, எவனிடம் இல்லை என்று கணினியில் பார்ப்பது தராசு சாரின் வேலை. இல்லாதவன் ஒருவன் கிடைத்தால் அவனை மாத்திரைக்குள் அடைத்து நோயாளியின் குடலில் குடியேற்றிவிடலாம். காலி இடத்தை அவன் பிடித்துக்கொண்டால் வில்லனுக்கு உட்கார இடமிருக்காது. பங்காளியை விரட்டப் பங்காளியால்தான் முடியும் என்பது குடும்பஸ்தர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் துறை அதை ஆராய்ச்சியாகச் செய்தது, அவ்வளவுதான்.

வேலையில் அவர் கெட்டிக்காரர். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. படம் அழகாக இருக்கவேண்டும்.

ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை யாரும் ஒரே மூச்சில் படித்துவிடுவதில்லை. பொடிப்பொடியாகக் கிழித்துப் படித்து, பிறகு கணினியில் ஒட்டுப்போட வேண்டும். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் இடங்களில் எதை எதோடு ஒட்டுவது என்று தெரியாமல் கணினி முழிக்கும். அந்த இடங்கள் ஒட்டாத சின்னச் சின்னத் துண்டுகளாகத் தொங்கிப்போகும். பெரிய துண்டுகளை வட்டமாகச் சுற்றி, பங்காளிக்கு ஒரு நிறம் என்று வளையத்துக்குள் வளையமாக வரைந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். இந்தச் சின்னத் துண்டுகளையும் சேர்த்தால் ஓரத்தில் பிசிறு தட்டும். தராசு சாருக்குப் பிசிறு ஆகாது. குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே இருக்கும் துண்டையெல்லாம் தூக்கி ஒரு கோப்புறைக்குள் போட்டுவிடுவார். அதற்குக் 'குப்பை' என்று பெயரும் வைத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் அந்த நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனார். படங்கள் மேலும் மேலும் அழகாகிக்கொண்டே வந்தன.

எங்கள் துறைத் தலைவருக்குப் படம் என்றால் உயிர். எழுத்தைப் படிக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடுவார். படத்தைக் காட்டினால் கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரியும். நஞ்சு மரபணு இருக்கவேண்டிய இடத்தில் பளிச்சென்று வெள்ளையாக இடைவெளி விட்ட ஒரு வளையத்தைத் தராசு சார் வரைந்து கொண்டுபோனபோது, தலைவர் எழுந்து நின்றே பார்த்தார். "இவன்தான் நம்ம ஆளு" என்றார். அந்தப் பாக்டீரியாவுக்கு அன்றிலிருந்து நல்ல பங்காளி என்று பெயர். படம் சட்டம் போட்டுத் தலைவர் அறைச் சுவரில் ஏறியது. மாத்திரை செய்ய முன்வந்த நிறுவனத்துக்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல பங்காளியை உயிரோடு வளர்த்தது தராசு சார் இல்லை. அது பெட்டிக்காரம்மாவின் வேலை. காற்றை வெளியேற்றிய பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எங்கள் கூடத்தில் உண்டு. அதில் ரப்பர் கைகள் பொருத்தியிருக்கும். வெளியே உட்கார்ந்து அந்தக் கைகளுக்குள் தன் கைகளை நுழைத்துத்தான் எதையும் செய்யவேண்டும். உள்ளே இருக்கும்போது மூக்கு அரித்தால் வேறு யாராவதுதான் சொறிந்துவிட வேண்டும். பெட்டிக்காரம்மா தராசு சாருக்குச் சமமாகப் படித்தவர், அவரைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பேசுபவர். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். கணினி முன்னால் உட்கார்ந்து கிருமியைப் பார்க்காமலே கிருமியைப் பற்றிப் பேசுகிறார் என்று இவர் அவரைச் சொல்வார். ரப்பர் கையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சேறு பிசைகிறார் என்று அவர் இவரைச் சொல்வார்.

இந்த நேரத்தில்தான் தராசு சாரின் அக்கா படுத்தார்.

தராசு சாரின் வாழ்க்கையில் ஒப்பிட்டு ஜெயிக்க முடியாத ஒரே ஆள் அந்த அக்காதான். சின்ன வயதில் அவர்கள் அம்மா காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை "அக்காவைப் பாரு, அக்காவைப் பாரு" என்றே வளர்த்திருக்கிறார். அக்கா படிப்பிலும் முதல், ஓட்டத்திலும் முதல், விசில் அடிப்பதிலும் முதல். இவர் ஒப்பிடும் வியாதியைப் பிடித்துக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு இதெல்லாம் நினைவுகூட இல்லை. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வரிசையில் முண்டியடிப்பவர்களை ஒரு பார்வையில் பின்னால் அனுப்பும் வேலையை நிம்மதியாகச் செய்துகொண்டிருந்தார்.

கடைவாய்ப் பல் வலித்து மாத்திரை சாப்பிட்டார். பல்வலி நின்றது, வயிறு ஆரம்பித்தது. பரிசோதனையில் எங்கள் வில்லன்தான். மருந்தில் அடங்கினான், வந்தான், அடங்கினான், மறுபடி வந்தான். கனத்த உடம்பு துணி காயப்போடும் கம்பியாக ஆகிவிட்டது. தராசு சார் ஆடிப்போய்விட்டார். அதை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன், கிண்டல் செய்ய மனம் வரவில்லை. மருத்துவமனையில் நல்ல பங்காளி மாத்திரையை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தலைவரிடம் சொல்லி, டாக்டரிடம் கெஞ்சி, முதல் ஆட்களில் ஒருவராக அக்காவைச் சேர்த்துவிட்டார். அக்காவைத் தானே காப்பாற்றப்போகிறோம் என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இராது.

அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தார். அவருக்கும் அதே வியாதி. உயிருள்ள கிருமியை விழுங்கவேண்டும் என்றதும் மனிதர் மாட்டேன் என்றுவிட்டார். தராசு சார்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசிச் சரிக்கட்டினார். "இந்த அம்மா என் கூடப்பிறந்த அக்கா. ஆபத்து இருந்தா இவங்களுக்குக் குடுப்பேனா, சொல்லுங்க?" என்றார். ஓட்டுநர் அக்காவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சரி என்று கையெழுத்துப் போட்டார்.

மாத்திரை கொடுக்கும் வாரம் பெட்டிக்காரம்மா கூட்டத்தில் ஒரு குண்டைப் போட்டார். அதுவரை நல்ல பங்காளியைச் சத்தான கரைசலில் வளர்த்துத்தான் நஞ்சு இருக்கிறதா என்று சோதித்திருந்தார்கள். இருக்கவில்லை. இந்த வம்சத்துக் கிருமிகள் பசி வந்தால் உறை போட்டுக்கொண்டு விதையாகத் தூங்கிவிடும். மாத்திரைக்குள் இருப்பதும் அந்த விதைதான். அதனால் பட்டினி போட்டு, விதையாகும் நேரத்தில் அது என்ன விடுகிறது என்று பார்த்திருக்கிறார். அந்தக் கரைசலைக் குடல் செல்கள் மேல் விட்டால் செல்கள் பொட்டுப்பொட்டென்று செத்திருக்கின்றன.

"நல்லா சாப்பாடு போட்டா எவனும் நல்லவன்தான் சார். பட்டினி போட்டுப் பார்த்தாத்தானே குணம் தெரியும்" என்றார் பெட்டிக்காரம்மா.

"உங்க செல்லு தானா செத்திருக்கும் மேடம். கையைக் கழுவிட்டு மறுபடி பண்ணிப் பாருங்க" என்றார் தராசு சார். "மரபணுவே இல்லாதவன் எங்கேயிருந்து நஞ்சு விடுவான்? கடையில வாங்கிட்டு வந்தா?"

"நீங்க ஒதுக்கிப் போட்டீங்களே, அந்தச் சின்னத் துண்டுகளைப் பார்த்தீங்களா?"

"அதெல்லாம் குப்பை."

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது சார்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். தலைவர் சுவரைப் பார்த்தார். சுவரில் படம் இருந்தது. "படத்துல தெளிவா இடைவெளி தெரியுதே" என்றார். மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் நாளைத் தள்ளிப்போடுங்கள் என்று பெட்டிக்காரம்மா கத்தியே கேட்டார். ஒரு சந்தேகத்துக்காகத் தேதியை மாற்றினால் நிறுவனத்துக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றார் தலைவர். சோதனையை மறுபடி செய்து கொண்டுவரும்படி உத்தரவு ஆயிற்று. பெட்டிக்காரம்மா கதவை அறைந்துவிட்டுப் பெட்டிக்குப் போனார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரைத் திருத்தலாம். அந்த முயலுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவரைத் திருத்த முடியாது.

மாத்திரை கொடுக்கும் நாள் காலையில் தராசு சார் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல உற்சாகம். மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். "அந்தம்மா வாயை இன்னியோட அடைக்கிறேன் பாருங்க" என்றார். குப்பைக் கோப்புறையில் கிடந்த துண்டுகளையெல்லாம் எடுத்து வில்லனின் நஞ்சு மரபணுவோடு ஒப்பிட்டு, ஒன்றும் இல்லை என்று காட்டிப் பெட்டிக்காரம்மாவைக் கூட்டத்தில் அசடு வழிய வைப்பது அவர் திட்டம். உண்மையைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று அவர் அந்தக் கோப்புறையைத் திறக்கவில்லை. எரிச்சலில்தான் திறந்தார்.

தாளம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் ஒரே ஒரு வரி. இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, எதனோடும் ஒட்டாமல் போன ஒரு சின்னத் துண்டு. அதற்குள் நஞ்சுக்கான மரபணு தலை முதல் கால்வரை முழுசாக இருந்தது. நல்ல பங்காளி அதை எந்தச் சொந்தக்காரனிடம் எப்போது கைமாற்றாக வாங்கினானோ, பத்திரமாகத்தான் வைத்திருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவர் உடம்பால் திரையை மறைத்துக்கொண்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. தலைவலி. அக்காவைப் பார்த்துட்டு வந்துடறேன்."

தலைவர் அறை அவர் போகும் வழியில்தான் இருந்தது. கதவும் திறந்தேதான் இருந்தது. பெட்டிக்காரம்மா ரப்பர் கைகளுக்குள் கையை விட்டபடி வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரையும் தாண்டி, படியிறங்கிப் போய்விட்டார். பிறகு நடந்ததை எனக்குச் சொன்னது அக்காதான். தம்பி என்பதற்காக ஒரு வார்த்தையைக்கூட அவர் விழுங்கவில்லை.

வார்டில் இரண்டு கட்டில்களுக்கும் பக்கத்து மேசையில் சின்னக் கிண்ணத்தில் ஆளுக்கொரு மாத்திரை வைத்திருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுங்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவும் ஓட்டுநரும் யார் முதலில் விழுங்குவது என்று விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி வந்தார். ஓட்டுநர் வணக்கம் வைத்தார். இவர் அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவின் காதருகில் குனிந்தார்.

"அக்கா, டாக்டர் வந்தா உனக்குக் குளிர் காய்ச்சல்னு சொல்லு."

"எனக்கு ஏதுடா காய்ச்சல்?"

"இருக்குன்னு சொல்லு. காய்ச்சல் இருந்தா குடுக்கமாட்டாங்க. நீ அதைச் சாப்பிடாதே."

"ஏன்?"

தம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் குனிந்தார். "அதுல நஞ்சு மரபணு இருக்கு. இப்பத்தான் பார்த்தேன்."

அக்கா பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினார். "அப்ப அவரு?"

"அவர் உடம்பு உன்னைவிட எவ்வளவோ மேல். தாங்கிடுவார். சாப்பிட்டவங்க எல்லாருக்கும் வரும்னும் சொல்ல முடியாது. உன்னையும் அவரையும் வெச்சுப் பார்த்தா..."

"டேய்."

"மெதுவா பேசுக்கா. சாயங்காலம் நானே தலைவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லி, அடுத்த தடவையிலேர்ந்து நிறுத்திடறேன். இப்பவே சொன்னா என் பேரு நாறிடும். அந்தப் பெட்டிக்காரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா."

ஊருக்கே கிருமியைத் தரம்பிரித்துக் கொடுத்த மனிதர் பேசிய பேச்சு இது. எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்குத் தன் அக்காவுக்கு வந்தது மட்டும் தெரிந்தது, ஒரு கை எட்டும் தூரத்தில் படுத்திருந்தவருக்கு வந்தது தெரியவில்லை.

அக்கா தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு வலு எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாதாம். "யாரையும் யாரோடயும் வெச்சுப் பார்க்காம ஒரே ஒரு தடவை பதில் சொல்லு. அவர் அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா, கூடாதா?"

தம்பி அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"கூடாது."

"அதை என்கிட்ட ஏன் சொல்றே? அங்க போய்ச் சொல்லு."

"அக்கா..."

"நீ சொல்லலேன்னா நான் சத்தமா சொல்வேன். நான் சொன்னா இந்த மாடி முழுக்கக் கேக்கும், உனக்கே தெரியும்."

ரயில் நிலைய சன்னலில் எத்தனையோ முரடர்களைத் திரும்பிப் போகவைத்த குரல் அது. தம்பி எழுந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதைத் தாண்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது என்றார் அக்கா. ஓட்டுநர் கிண்ணத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குசுகுசுவென்று பேசினாலும் கூடப்பிறந்தவர்கள் பேசும் பேச்சில் ஏதோ சரியில்லை என்று யாருக்குத்தான் தெரியாது.

"அதைச் சாப்பிடாதீங்க" என்றார் தராசு சார்.

"ஏன் சார்?"

"என் கணக்குல ஒரு சின்னத் தப்பு..."

"பெரிய தப்பு" என்றார் அக்கா கட்டிலிலிருந்து.

"பெரிய தப்பு நடந்துபோச்சு. இந்தக் கிருமிக்குள்ளயும் நஞ்சு இருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன்."

நர்ஸ் ஓடி வந்தார், பிறகு டாக்டர் வந்தார். இரண்டு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் அங்கிருந்தே எங்கள் தலைவருக்குத் தொலைபேசினார். அன்றைக்கு எங்கள் துறையில் நடந்த கூத்தை விவரித்தால் இன்னொரு கதை ஆகும். தலைவர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் திருப்பி வைத்ததையும், தாம் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டதாக நிறுவனத்துக்காரர்களிடம் சொன்னதையும் மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். பெட்டிக்காரம்மாவிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வார்டில் எல்லோரும் போனபிறகு ஓட்டுநர் தராசு சாரைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். முன்பு வந்து பேசிச் சம்மதிக்க வைத்த அதே கட்டில் ஓரத்தில் இவர் உட்கார்ந்தார். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தாராம். அந்த மனிதருக்குக் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் ஆள் கேட்பதுபோல, மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்க அக்கா இந்த வார்டுல இல்லாம, நான் மட்டும் இருந்திருந்தா, இன்னிக்கு நீங்க வந்திருப்பீங்களா சார்?"

தராசு சார் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.